நான் பார்க்காத அறை

படம் பிடிப்பதை எங்கள் ஊர் மன்னிக்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் இடிந்த சுவரையும் பனையையும் ஆட்டுக்குட்டியையும் படம் பிடித்துக்கொண்டுதான் போகிறார்கள். ஆனால் அளவு நாடாவைக் கையில் எடுத்தால் மன்னிக்காது. நாடா என்றால் நில அளவை. நில அளவை என்றால் உறுதி, காணிப் பத்திரம். உறுதி என்றால் வழக்கு. கரம்பொனில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்துகொண்டேதான் எடுத்தேன். ஒரு வாசலின் உயரம் எனக்குத் தேவைப்பட்டது.

கணினி விளையாட்டுகளுக்கு இடங்களைச் செய்து கொடுப்பது என் தொழில். மனிதர்களை வேறு யாரோ செய்கிறார்கள். எனக்கு வருவது வீடு, மதில், கிணறு, பாசி பிடித்த படி, துருப்பிடித்த தகரம். விளையாடுகிறவர் ஓடுகிற ஓட்டத்தில் அரைக் கணம் பார்க்கிற சுவருக்கு நான் நான்கு நாள் மினக்கெடுவேன். வேலை தருவது வெளிநாட்டிலுள்ள ஒரு சிறிய நிறுவனம். என் மேலாளரின் முகத்தை நான் கண்டதில்லை. பேசும்போது கமெராவை எப்போதும் மூடியே வைத்திருப்பார். முதல் ஆறு மாதம் அப்படி ஒருவர் உண்மையில் இருக்கிறாரா என்றே சந்தேகப்பட்டேன். சம்பளம் மாதாமாதம் வந்தபடியால் இருக்கிறார் என்று தற்காலிகமாக ஒப்புக்கொண்டேன்.

சந்தேகம் எனக்குத் தாய்வழிச் சொத்து. அம்மா புங்குடுதீவு மடத்துவெளிக்காரி. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பாவுக்கு ஊர்காவற்றுறையில் கிளாக்கர் வேலை மாறி வந்ததால் கரம்பொனுக்கு வந்து சேர்ந்தோம். இரண்டு ஊருக்கும் இடையில் கடலுக்குள் போட்ட ஒரு தெருதான். ஆனாலும் அம்மா இங்கே பிற ஊராள். பிற ஊராள் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்சி.

எல்லோரும் காலையில் முற்றம் கூட்டுவார்கள். அம்மா பொழுதுபடுகிற நேரத்திலும் ஒருமுறை கூட்டுவார். தெருப் படலையில் தொடங்கி, பின்பக்கமாக நடந்து, தன் காலடியையும் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்து சேர்வார். மணலில் விளக்குமாற்றின் கோடுகள் மட்டும் இருக்கும். விடிந்ததும் யாரும் இறங்குவதற்கு முன்னால் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவார்.

"இது நாய். இது பக்கத்து வளவு ஆடு. இதைப் பார். வலக்காலை இழுத்து நடக்கிற ஆள். படலைமட்டும் வந்து திரும்பியிருக்கிறார். ஏன் வந்தவர், ஏன் கூப்பிடேல்லை?"

அந்த ஆளைப் பிறகு சந்தையில் கண்டால் அம்மா மிக மரியாதையாகச் சிரிப்பார். ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். சிரித்துவிட்டு என் கையை ஒருமுறை அழுத்துவார். அவ்வளவுதான்.

என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்த மற்றது அப்பாவின் கணினி. அலுவலகத்தில் கழித்துவிட்ட ஒன்றை யாரோ திருத்திக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரேயொரு விளையாட்டு இருந்தது. ஒரு தெருவில் ஓடிக்கொண்டே எதிரிகளைச் சுட வேண்டும். எனக்குச் சுடுவதில் அக்கறை இல்லை. தெருவின் இரு பக்கமும் இருந்த வீடுகள்தான் எனக்கு வேண்டியிருந்தன. ஒருநாள் ஒரு சந்துக்குள் புகுந்து வீட்டின் பின்பக்கம் போனேன். அங்கே வீடு இல்லை. முன்சுவர் ஒரு மட்டையைப் போல நின்றது, அதற்குப் பின்னால் வெறும் நீலம். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "முன்பக்கத்தை மட்டும் கட்டிப்போட்டு ஏமாத்துறாங்கள்" என்றார். "எனக்கு உந்தச் சுவரைப் பார்க்கவே தெரியும்."

நான் செய்கிற வீடுகளுக்குப் பின்பக்கம் இருக்கும். யாரும் போகாத பக்கத்திலும் தண்ணீர்க் குழாயும் கறையும் இருக்கும். மேலாளர் இதை வீண்வேலை என்பார். அவருக்கு என் அம்மாவைத் தெரியாது.

இனி முன்வீட்டு மாமி. எங்களுக்கு உறவு ஒன்றுமில்லை. மூத்த பெண்களை அப்படிக் கூப்பிடுவது வழக்கம். அவருடைய கணவர் தெற்கே ஒரு பட்டணத்தில் கடை வைத்திருந்தவர், காலமாகிவிட்டார். நாங்கள் வந்த அதே வருடம் வெளிநாட்டிலிருந்த மகன் மாமியைத் தன்னிடம் கூப்பிட்டுக்கொண்டார். வீட்டுத் திறப்பு, அதாவது சாவி, நியாயமாக மாமியின் மைத்துனரிடம் போயிருக்க வேண்டும். கணவரின் தம்பி, மூன்று ஒழுங்கை தள்ளி இருப்பவர், காலையும் மாலையும் சைக்கிளில் எங்கள் தெருவால் போய் வருபவர். மாமி அவரிடம் கொடுக்கவில்லை. ஏழு மாதம் மட்டுமே பழகிய என் அம்மாவின் கையில் கொண்டுவந்து வைத்தார். காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார்.

"சொந்தக்காரரிட்டைக் குடுத்தால் பத்து வருசத்திலை வீடு அவையின்ர எண்டு நிப்பினம். நீர் பிற ஊராள். உம்மட கதை இஞ்சை எடுபடாது. அதாலைதான் உம்மட்டைத் தாறன்."

இதைப் பாராட்டு என்று எடுப்பதா, என்னவென்று எடுப்பது? அம்மா பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போய்த் திறப்பார், கூட்டுவார், சாமி அறையில் விளக்கு வைப்பார், பூட்டிக்கொண்டு வருவார். அந்த வளவில் விழுந்த தேங்காய் ஒன்றைக்கூட எங்கள் குசினிக்குச் சமைக்கக் கொண்டுவந்ததில்லை; மைத்துனர், அந்தச் சைக்கிள்காரர் வீட்டுக்குத்தான் கொடுத்தனுப்புவார். மெல்ல மெல்ல ஊர் அம்மாவைப் பார்க்கிற விதம் மாறியது. வேறு இரண்டு வீட்டுக்காரரும் வெளிநாடு போகும்போது திறப்பை அம்மாவிடம் விட்டுப் போனார்கள். கோயிலில் அம்மாவுக்கு இடம் விட்டு ஒதுங்கினார்கள். அப்பா காலமான பிறகு அம்மாவுக்கு இந்த ஊரில் வேர் என்று இருந்தது அந்தத் திறப்பு ஒன்றுதான்.

அந்த வீட்டில் ஓர் அறைக்கு மட்டும் தனிப் பூட்டு. பெரிய பூட்டு. அதன் திறப்பை மாமி தன்னோடு கொண்டுபோய்விட்டார். "மச்சாளின்ர சாமான்கள் கிடக்கு. அதைத் திறக்க வேண்டாம்" என்றாராம். மச்சாள் என்றது கணவரின் அக்காவை. கலியாணம் செய்யாதவர், தையல்காரி. கடைசிச் சில வருடங்கள் படுக்கையில் கிடந்து, நாங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். மாமி அவரைப் பார்த்த விதத்தை ஊர் இன்றைக்கும் சொல்லும். கூடப்பிறந்ததுகூட அப்படிப் பார்க்காதாம். ராசாத்தி மாதிரி வைத்துப் பார்த்தாராம்.

போன வருடம் நிறுவனத்துக்குப் புதிய விளையாட்டு ஒன்று அமைந்தது. ஆளில்லாத ஒரு தீவு. நெடுங்காலத்துக்குப் பிறகு ஒரு பெண் தன் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். காணாமல் போன சகோதரிக்கு என்ன நடந்தது என்று பொருட்களைப் பார்த்துப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். சண்டை இல்லை, துவக்குச் சூடு இல்லை. வாசித்தவுடனே எனக்கு முன்வீடுதான் கண்ணுக்குள் வந்தது. அம்மாவிடம் சொன்னேன்.

"மாமியிட்டைக் கேட்டனியோ?"

"படம்தானே அம்மா. வீட்டைத் தூக்கிக்கொண்டே போகப்போறன்?"

கேட்டிருக்க வேண்டும். பிழை என்னுடையது, வேறு யாரிலும் போட ஏலாது.

இந்த வேலையை எப்படிச் செய்வது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சைக்கிள்காரரின் பக்கத்து நியாயம் விளங்காது. ஒரு சுவரைக் கணினிக்குள் கொண்டுபோக அதை எல்லாக் கோணத்திலும் நூற்றுக்கணக்கில் படம் எடுக்க வேண்டும். வெயில் கூடாது. வெயில் இருந்தால் நிழல் சுவரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், பிறகு கழுவ முடியாது. ஆகவே வானம் மூடியிருக்கிற நாள் பார்த்துத்தான் போவேன். படத்துக்குள் மனிதர் விழக்கூடாது. யாராவது தெருவால் வந்தால் நான் கமெராவை இறக்கிவிட்டு அவர் போகும்வரை சும்மா நிற்பேன். இதைப் பார்க்கிற ஒருவருக்கு எப்படி இருக்கும்? வெயில் இல்லாத நேரம் பார்த்து வருகிறாள், ஆளைக் கண்டால் கமெராவை ஒளிக்கிறாள். போதாக்குறைக்கு அன்று நாடாவையும் விரித்து வாசலை அளந்தேன்.

சைக்கிள் நின்றது. அவர் காலை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"என்ன பிள்ளை, வீடு அளக்கிறீரோ?"

"இல்லை மாமா. வாசல் உயரம் பார்க்கிறன்."

"ஆருக்கு?"

"ஒரு கேமுக்கு. கொம்பியூட்டர் விளையாட்டுக்கு."

"விளையாட்டுக்கு ஏன் பிள்ளை வாசல்?"

"ஆக்கள் உள்ளுக்குப் போறதுக்கு."

"எந்த ஆக்கள்?"

"அப்பிடி ஒருத்தரும் இல்லை மாமா. சும்மா."

சொல்லும்போதே எனக்குக் கேட்டது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன பிள்ளையின் கதைதான். அவர் மதிலை ஒருமுறை பார்த்தார், என் நாடாவை ஒருமுறை பார்த்தார், சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். அவர் போன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. வழக்கமாக மெல்லப் போகிறவர்.

வெளியும் விறாந்தையும், வெள்ளிக்கிழமைகளில் அம்மாவோடு உள்ளே போய் எடுத்த குசினியும் நன்றாக வந்தன. பிரச்சினை பூட்டிய அறை. அதை வெறும் கதவாகவே விட்டிருந்தேன். மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. விளையாட்டில் பூட்டிய கதவு ஒன்று இருந்தால் அதைத் திறக்க வழி இருக்க வேண்டும், இல்லையென்றால் விளையாடுகிறவரை ஏமாற்றுகிறோம் என்றார். ஏமாற்று என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பொறுக்காது. சரி, அறையைச் செய்கிறேன் என்றேன்.

பார்க்காத அறையை எப்படிச் செய்வது? வெளியிலிருந்து வாசித்துத்தான். அந்த அறை யன்னலுக்குக் கீழே சிறு வயதில் நான் பொத்தான்கள் பொறுக்கியிருக்கிறேன். நூல் துண்டுகள் மணலோடு மணலாகக் கிடக்கும். ஒருமுறை தையல் மெசின் ஊசியின் முறிந்த நுனி என் குதிக்காலில் ஏறி, அம்மாதான் இழுத்து எடுத்தார். ஆகவே மெசின் யன்னலோடு இருந்திருக்கிறது. யன்னல் கம்பிகள் எல்லாவற்றிலும் பச்சைப் பூச்சு அப்படியே இருக்க, ஒரு கம்பியில் மட்டும் கீழ்ப்பக்கம் தேய்ந்து இரும்பு தெரிந்தது. நிற்கிறவர் கை அவ்வளவு கீழே போகாது. படுத்திருக்கிறவர் பிடித்து எழும்பிய கம்பி அது. ஆகவே மெசினுக்கு அருகே, யன்னலோடு ஒட்டி, கட்டில்.

குசினிச் சுவரில் ஒரு சின்னத் துளை இருந்தது. அறைப்பக்கம் இருந்து வருகிற துளை. அதன் விளிம்பில் கயிறு உரசிய பள்ளம். துளைக்கு மேலே ஓர் ஆணி, ஆணியில் விரல் நீளத்துக்கு ஒரு கயிற்றுத் துண்டு. நான் அதை அப்படியே செய்தேன். உள்ளே கட்டில் காலில் கயிற்றைக் கட்டி, சுவரோரமாகக் கொண்டுபோய், துளைக்குள்ளால் விட்டு, குசினிப் பக்கம் எடுத்தேன். படுக்கையில் இருந்தவர் இழுத்தால் குசினி ஆணியில் தொங்கிய மணி அடிக்கும், உதவிக்கு ஆள் வரும். ஆணியில் இருந்த துண்டின் நுனி பிய்ந்திருக்கவில்லை, கத்தியால் வெட்டினதுபோல் நேராக இருந்தது. கண்டபடி நேராகவே செய்தேன். மேலாளர் இதைப் பார்த்துவிட்டு முதல் தடவையாக என்னைப் பாராட்டினார். இவ்வளவு நல்ல தடயத்தை எப்படிக் கற்பனை செய்தாய் என்று கேட்டார்.

அந்தக் கிழமை முடிவதற்குள்ளேயே மாமி அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தார். அம்மாவின் போனில் பேசுகிறவர் குரல் அறை முழுக்கக் கேட்கும்.

"தங்கச்சி, உம்மட மகள் என்ர வீட்டை அளக்கிறாவாம். என்ன விசயம்?"

"விளையாட்டுக்கு வீட்டைப் படமாக் கீறுறாள் அக்கா. அதுதான் அவளின்ர வேலை."

"வீடு விளையாட்டோ?"

"இல்லை அக்கா, கொம்பியூட்டரிலை…"

"இருபது வருசமா உம்மை நம்பினனான்."

"நயினாதீவு அம்மாளாச்சி மேலை சத்தியமாச் சொல்லுறன் அக்கா. வேணுமெண்டால் வள்ளமேறிப் போய்ச் சந்நிதியிலை நிண்டு சொல்லுறன்."

"சத்தியத்தைக் கோர்ட்டிலை கேக்க மாட்டினம். திறப்பை மச்சானிட்டைக் குடும்."

மச்சான் என்றது சைக்கிள்காரரை. அம்மா போனை மேசையில் வைத்தார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அன்று வெள்ளிக்கிழமை. அம்மா குளித்து, சேலை மாற்றி, முன்வீட்டுக்குப் போகிற நேரத்துக்கு எழுந்து நின்றார். பிறகு போகவா விடவா என்று தெரியாமல் திரும்பவும் கதிரையில் இருந்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. திறப்பு கைமாறினால் மற்ற இரண்டு வீட்டாரும் தங்கள் திறப்பைக் கேட்பார்கள், அதற்கு மேல் அம்மா இந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க மாட்டார்.

மாமிக்கு உண்மையைக் காட்ட ஒரே வழி விளையாட்டைக் காட்டுவது. அதைக் காட்டக்கூடாது என்று நான் கையெழுத்து வைத்திருந்தேன். விளையாட்டு வெளிவரும்வரை பெற்ற தாய்க்கும் காட்டக்கூடாது என்பதுதான் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். அன்று அதை மீறவும் செய்தேன். அடுத்த நாள் மாமியின் மகனுடைய கணினிக்கு வீடியோவில் அழைப்பு எடுத்து, என் திரையை அவருக்குக் காட்டினேன். அம்மா என் பக்கத்தில் இருந்தார்.

படலை திறந்தது. முற்றம், விறாந்தை. குசினிக்குள் போனதும் மாமியின் குரல் உடைந்துவிட்டது.

"ஐயோ, என்ர குசினி! அந்தப் புகை பிடிச்ச மூலை! அப்பிடியே இருக்கு!"

அம்மா என் தோளைத் தொட்டார். போதும், முடிந்தது, மாமி நம்பிவிட்டார் என்று அதற்கு அர்த்தம். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"அந்தப் பூட்டின அறையும் கீறினனியோ?" என்று மாமி கேட்டார்.

"ஓம் மாமி. ஆனால் நான் உள்ளுக்குப் போகேல்லை. யோசிச்சுத்தான் செய்தனான்."

"திற பார்ப்பம்."

திறந்தேன். பெருமை என்னை அப்படிப் பிடித்து ஆட்டியது. நான் செய்த அறை எதையும் அதன் சொந்தக்காரியே பார்த்தது வாழ்க்கையில் அதுவரை நடந்ததில்லை. கட்டிலைக் காட்டினேன். மெசினைக் காட்டினேன். கயிற்றைக் காட்டி, "பாருங்கோ மாமி, இது இப்பிடிப் போய்…" என்று சுற்றுலாக்காரருக்கு வழிகாட்டுகிறவளைப் போலச் சுவரோரமாகக் கூட்டிக்கொண்டுபோய், துளையைத் தாண்டி, குசினி ஆணியில், வெட்டின நுனியில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

மாமியின் முகம் திரைக்கு மிகக் கிட்ட வந்தது.

"இதை ஆர் உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை மாமி. அந்த ஆணியிலை…"

"அறையைத் திறந்திருக்கிறியள். தாயும் மகளும் சேர்ந்து திறந்திருக்கிறியள்."

அழைப்பு அறுந்தது.

அதன் பிறகுதான் நான் செய்த அறையை நானே சரியாகப் பார்த்தேன். கயிற்றை உள்ளிருந்தவர் வெட்டவில்லை. குசினிப் பக்கத்தில் நின்றவர் வெட்டியிருக்கிறார். உள்ளே படுத்திருந்தவர் இழுத்திருப்பார், இழுத்துக்கொண்டே இருந்திருப்பார், மணி கேட்டிருக்காது. குசினியில் நின்றவர் யார்? அந்த வீட்டில் மாமியைத் தவிர வேறு யாரும் இருக்கவில்லை. இது முழுக்க என் கற்பனையாகவும் இருக்கலாம். படுத்திருந்தவர் இறந்த பிறகு மணியைக் கழற்ற வெட்டியிருக்கலாம். சாதாரண விசயம். சாதாரண விசயம் என்றால் மாமியின் முகம் ஏன் அப்படி மாறியது?

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அம்மா திறப்பைச் சைக்கிள்காரரிடம் கொடுக்கவும் இல்லை. அவர் இரண்டு தடவை வந்து கேட்டார். "வீட்டுக்காரி வந்து கையிலை வாங்கட்டும்" என்று அம்மா படலையிலேயே நின்று பதில் சொன்னார்.

மூன்று கிழமையில் மாமி வந்து இறங்கினார். எழுபது கடந்த மனுசி, இரண்டு விமானம் மாறி வந்திருந்தார். காலையில் சைக்கிள்காரரோடு வந்தார். அம்மா முன்வீட்டைத் திறந்துவிட்டு விறாந்தையோடு நின்றுகொண்டார், உள்ளே வர மறுத்துவிட்டார். மாமி கைப்பையிலிருந்து அறைத் திறப்பை எடுத்துப் பூட்டுக்குள் விட்டார். திறப்பு உள்ளே போகவில்லை. சைக்கிள்காரர் அதை வாங்கி அழுத்திப் பார்த்தார். தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தார்கள். மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தார்கள். பூட்டுக்குள்ளிருந்து செம்மண் மாதிரித் துரு கொட்டியது. கடைசியில் அவரே உளி கொண்டுவந்து அடித்து உடைத்தார். உடைத்த பூட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணி, இது பூட்டின நாளிலை இருந்து ஒருத்தரும் திறக்கேல்லை" என்றார். மனிதர் நேர்மையானவர். சந்தேகப்பட்டதும் நேர்மையாகத்தான் பட்டிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மாமி அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். யன்னலோடு கட்டில் இருந்தது. பக்கத்தில் மெசின், மேலே பாய் போட்டு மூடியிருந்தது. கணினியில் நான் கற்பனையாக வைத்திருந்த முகக்கண்ணாடி அங்கே இல்லை. அதில் மட்டும் பிழை விட்டிருந்தேன். கட்டில் காலில் கயிறு கட்டியிருந்தது. கையால் பிடித்து இழுக்க அதில் போட்டிருந்த வளையம் அழுக்கேறிக் கறுத்திருந்தது. எவ்வளவு காலம் எத்தனை தரம் பிடித்து இழுத்தால் அப்படிக் கறுக்கும் என்று எனக்குத் தெரியும், அதைச் செய்வதுதானே என் வேலை.

மாமி கட்டிலில் இருக்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெதுவாகச் சொன்னார்.

"அறையைக் கீறினதைப் பற்றி ஒண்டுமில்லை. அந்தக் கயிறை மட்டும் எடுத்துவிடு பிள்ளை."

"எடுக்கிறன் மாமி."

"நாள் முழுக்க மணியை அடிச்சுக்கொண்டே இருப்பா" என்றார். நான் மேலே கேட்கவில்லை.

வெளியே வந்து வீட்டுத் திறப்பை அம்மாவின் இரண்டு கையிலும் வைத்து அழுத்தினார். "நீரே வைச்சிரும் தங்கச்சி" என்றார். ஒழுங்கையில் இரண்டு மூன்று பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நல்லதாகப் போயிற்று. பொழுதுபடுவதற்குள் ஊர் முழுக்க அது போய்விடும். அம்மாவின் பெயர் தப்பிவிட்டது. எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்தது.

மேலாளருக்கு, கயிற்றில் ஒரு தொழில்நுட்பப் பிழை இருக்கிறது, எடுத்துவிட்டேன் என்று எழுதினேன். அவர் நம்பவில்லை என்று நினைக்கிறேன். அது என் கவலை இல்லை.

மாமி திரும்பிப் போன அடுத்த நாள் அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"உந்தக் கயிறு வெட்டிக் கிடக்கிறது எனக்கு முதல் வெள்ளிக்கிழமையே தெரியும்."

"அப்ப ஏன் அம்மா இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"ஆருக்குச் சொல்லுறது? என்னெண்டு சொல்லுறது? கண்டதெல்லாம் சொல்லித் திரியிறவளிட்டை ஆர் திறப்பைக் குடுப்பினம்?"

மீனைக் கழுவினார். சட்டியில் இட்டார். கையைத் துடைத்துக்கொண்டு அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"எங்கட வீட்டையும் உப்பிடிக் கீறினனியோ?"

கீறியிருந்தேன். இந்த வேலைக்கு விண்ணப்பித்தபோது மாதிரிக்கென்று அனுப்பியது எங்கள் வீட்டைத்தான். அதைப் பார்த்துத்தான் என்னை எடுத்தார்கள். அப்பா கடைசியாகப் படுத்திருந்த கட்டில், மருந்துப் போத்தல்கள், எல்லாம் அதில் இருந்தன. அப்பா போன பிறகு அம்மா சுவர்ப்பக்கம் திரும்பித்தான் படுப்பார். நெற்றி பட்டுப் பட்டு அந்த இடத்தில் எண்ணெய் படிந்து ஒரு கறை உண்டு. அந்தக் கறையையும் செய்திருந்தேன். நிறம் சரியாக வர இரண்டு நாள் எடுத்தது. அப்போது அதை நல்ல வேலை என்று மட்டும்தான் நினைத்தேன்.

"இல்லை அம்மா" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினார். தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

இரண்டு நாள் கழித்து ஊர்காவற்றுறைச் சந்தைக்குப் போனவரிடம் சொல்லி அம்மா ஒரு பூட்டு வாங்குவித்தார். அது அவருடைய படுக்கை அறைக் கதவுக்கு. எங்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான்.